ஜவ்வரிசி அரிசியா? முதலில் இதைத் தீர்த்துவிடுவோம்

கொடிமுல்லை:
நேற்று ரசம் பற்றிய இழையில் நெல்மணி72 போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார்: "தானியத்தை விட்டேன் என்பவர்கள் ஜவ்வரிசி உப்புமா கிண்டுகிறார்கள். அதுவும் அரிசிதானே!" படித்ததில் இருந்து மனது ஆறவில்லை.

எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். மாத்திரையை விடவில்லை, அதோடு இப்படிப்பட்ட நோய்களுக்காகப் பல உணவுகளை விலக்கி வைக்கும் ஏஐபி உணவுமுறையில் இது ஐந்தாவது வாரம். அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, முட்டை, பால் இல்லை. உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் இல்லை. கடுகு, சீரகம், மல்லி, மிளகு கூட இல்லை. மழை நாளில் சூடாக, வயிறு நிறையச் சாப்பிட மிச்சம் இருப்பது கிழங்கும் வாழைக்காயும்தான். மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, தேங்காய்ப்பூ விட்டுக் குழலில் அவித்தால் புட்டு. வாழைக்காயைத் தோலோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, துருவி, இஞ்சியும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் தாளித்துப் போட்டால் இன்னொரு புட்டு. ஜவ்வரிசியை நன்றாக அலசி, மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு நான்கு மணி நேரம் ஊறவைத்தால் உப்புமா ஒட்டாமல் வரும். கடைசியில் எலுமிச்சை. முதல் வாய் வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் போய் அரிசி என்கிறார்.

நெல்மணி72:
நான் சொன்னதில் மாற்றமில்லை. பெயரிலேயே அரிசி இருக்கிறது. அதை விடுங்கள், கடை ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்று சேலம் பக்கம் எத்தனை முறை சோதனை நடந்திருக்கிறது? மக்காச்சோளம் தானியமா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஆத்தூரான்:
ஐயா, ஏலக்காய்க்குள் இருப்பதை ஏலரிசி என்கிறோம். அதை உலையில் போட்டுச் சோறு வடிப்பீர்களா?

ஜவ்வரிசி கிழங்கு. என் அப்பா முப்பது வருடம் குச்சிக்கிழங்கு போட்டவர். வெளியூரில் மரவள்ளி என்பார்கள், எங்களுக்குக் குச்சிக்கிழங்கு. தோல் சீவி, அரைத்து, பால் வடித்து, தொட்டியில் மாவைப் படியவிட்டு, குலுக்கி மணியாக்கி, சூட்டில் வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. இதில் எந்த இடத்தில் நெல் வந்தது? ஒரு காலத்தில் மலாயாப் பக்கம் இருந்து பனை போன்ற மரத்தின் தண்டுக்குள் இருக்கும் மாவில் செய்த ஜவ்வரிசி கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அது நின்றபோது கிழங்கில் செய்து காட்டியது எங்கள் சேலம். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மர ஜவ்வரிசியும் அரிசி இல்லை, இந்தக் கிழங்கு ஜவ்வரிசியும் அரிசி இல்லை.

நெல்மணி72:
வரலாறு கேட்கவில்லை. மக்காச்சோளம் தானியமா, இல்லையா?

ஆத்தூரான்:
கலப்படம் செய்பவன் குற்றவாளி. பாலில் தண்ணீர் கலந்தால் பசுவைக் குறை சொல்வீர்களா? ஜவ்வரிசி கிழங்குதான்.

வடமராட்சி:
கொடிமுல்லை தங்கச்சி, நீங்கள் மரவள்ளியும் வாழைக்காயும் ஜவ்வரிசியும் இஞ்சியும் என்று ஒரே மூச்சில் எழுதியதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். எங்கள் ஊரில் மரவள்ளி அவித்த நாளில் இஞ்சித் தேத்தண்ணி கூடப் போட மாட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்று அம்மம்மா அடித்துச் சொல்லுவா. ஜவ்வரிசியும் மரவள்ளிதான் என்றால் இஞ்சியைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. கிழங்கு மாவில் புட்டு என்பதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதாதீர்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் புட்டு அவிக்கிறோம். கூழும் காய்ச்சுகிறோம். அதிலும் ஒரு மணி அரிசி இல்லை.

கொடிமுல்லை:
அக்கா, நான் கண்டுபிடித்தேன் என்று எங்கே எழுதினேன்? ஒடியல் கூழ் எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் செத்தல் மிளகாய் போடாமல் காய்ச்சுவீர்களா?

வடமராட்சி:
செத்தல் இல்லாமல் அது கூழா? வேறு பெயர் வையுங்கள்.

மருந்தகத் தம்பி:
எல்லோரும் கிழங்கைச் சுற்றியே வருகிறீர்கள். இந்த உணவுமுறைக்கு என்ன ஆதாரம் என்று யாரும் கேட்கவில்லை. 2017இல் குடல் அழற்சி நோயாளிகள் 15 பேரிடம் செய்த ஆய்வில் ஆறாவது வாரத்தில் 11 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை. 2019இல் ஹாஷிமோட்டோ உள்ள பெண்களிடம் பத்து வாரம் செய்தார்கள். உடம்பு தெம்பாக இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் தைராய்டு அளவுகள் பெரிதாக மாறவில்லை. மரவள்ளிப் பயத்துக்குக் காரணம் இஞ்சி இல்லை, அதில் இருக்கும் சயனைடு தரும் பொருள். தோலை நீக்கி, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

வடமராட்சி:
தம்பி, மரவள்ளி தின்று செத்த ஆட்களை அம்மம்மா கண்ணால் கண்டவ. நீங்கள் புத்தகத்தில் கண்டீர்கள்.

ஆத்தூரான்:
கசப்புக் கிழங்குக்கும் ஜவ்வரிசிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அரைத்து, பலமுறை கழுவி, வறுத்துத்தான் மணியே ஆகிறது. எங்கள் ஊரில் இஞ்சி போட்டு ஜவ்வரிசி வடை சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

நெல்மணி72:
பார்த்தீர்களா, கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறார்கள். போன தை மாதம் பெருங்காய இழையிலும் இதுதான் நடந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருக்கிறது என்றேன். ஆத்தூரான் உட்பட எல்லோரும் என்மேல் பாய்ந்தீர்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்த பிறகு ஒருவராவது மன்னிப்புக் கேட்டீர்களா?

ஆத்தூரான்:
அன்று நான் சொன்னது பால் பெருங்காயத்தைப் பற்றி. அதில் மைதா இல்லை. திரித்தது நீங்கள்.

நெல்மணி72:
"எங்கள் வீட்டுப் பெருங்காயம் சுத்தம்" என்று எழுதினீர்கள். பால் என்ற சொல்லே அதில் இல்லை. போய்ப் பாருங்கள்.

கொடிமுல்லை:
பெருங்காயத்துக்கு வேறு இழை இருக்கிறது. நெல்மணி சார், ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறீர்கள், சந்தோஷம். காலையில் விரல் மடங்காமல் எழுந்து, மருமகளுக்குத் தொந்தரவு தராமல் தனிச் சட்டியில் இதைக் கிண்டிச் சாப்பிடும் எனக்கு, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எப்படி வலித்திருக்கும்? அதை மாற்றி எழுத முடியுமா?

நெல்மணி72:
உங்கள் உடம்பு குணமாகட்டும் அம்மா, மனதாரச் சொல்கிறேன். ஆனால் வரியை மாற்ற மாட்டேன். மாவுச்சத்து மாவுச்சத்துதான். சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டு வெறும் மாவை உருட்டிச் சாப்பிடுவதற்கு, கைக்குத்தல் அரிசிக் கஞ்சி எவ்வளவோ மேல். என் அம்மா அதைக் குடித்து 91 வயது வரை நடமாடினார்.

ஆத்தூரான்:
வெறும் மாவாகவே இருக்கட்டும். கிழங்கு மாவு. அரிசி இல்லை. இப்போதாவது ஒப்புக்கொண்டீர்களே.

நெல்மணி72:
எங்கே ஒப்புக்கொண்டேன்? மக்காச்சோளம் தானியமா, இல்லையா?

வடமராட்சி:
இஞ்சிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மருந்தகத் தம்பி:
நான் சொன்னேனே அக்கா.

ஆத்தூரான்:
நாளைக்கு ஆத்தூர் போகிறேன். ஆலையில் நின்று, கிழங்கு இறங்குவதில் இருந்து மணி காய்வது வரை படம் எடுத்துப் போடுகிறேன். நெல்மணி72 அதைப் பார்த்துவிட்டு நெல் எந்தப் படத்தில் இருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டட்டும்.

நெல்மணி72:
அந்த ஆலையில் மக்காச்சோள மூட்டை அடுக்கியிருக்கும் அறையையும் சேர்த்து எடுங்கள்.