அலைவரிசை எட்டாத எடைமையத்துக்கான இறுதியாண்டுத் திட்டம்: ஒப்புதல் பெற்ற தேவைகள் ஆவணத்தை மாற்றலாமா?

மலைச்சாரல் எழுதியது:

வணக்கம். நான் கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். சமவெளியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சிறு தேயிலை விவசாயிகள் அன்றாடம் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடையைப் பதிந்து, மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகையைக் கணக்கிட்டுத் தரும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எங்கள் நால்வர் குழு திட்டப்பணியாக எடுத்துக்கொண்டது. என் பெற்றோருக்கு முக்கால் ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எடைச் சீட்டுகளை அம்மா ஓர் உறையில் சேர்த்து வைத்து, மாத முடிவில் விரல்விட்டுக் கூட்டிப் பார்ப்பதைச் சிறுவயதிலிருந்தே கண்டு வளர்ந்தவள் என்பதால், இந்தத் தலைப்பை நான்தான் வற்புறுத்தினேன்.

முதல் மீளாய்வில் செயலி என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் தேவைகள் ஆவணத்தை ஐ.இ.இ.இ. 830 என்ற தரநிலையின் வடிவத்தில் கொடுத்து ஒப்புதல் பெற்றோம். ஒவ்வோர் எடையும் பதிந்த கணமே இணையம் வழியே சேவையகத்தில் (சர்வரில்) ஏறிவிடும் என்று அதில் எழுதியிருக்கிறோம். சென்ற வாரம் செயலியை எங்கள் ஊர் எடைமையத்துக்கு எடுத்துச் சென்றோம். மையம் சரிவின் அடியில் இருப்பதால் எங்கள் நால்வர் தொலைபேசியிலும் அலைவரிசை இல்லை. மூன்றாவது மூட்டையிலேயே செயலி நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஒப்புதல் பெற்ற ஆவணத்தை இனி மாற்றக்கூடாது என்றும், கல்லூரி ஆய்வகத்தில் இயங்குவதைக் காட்டினால் போதும் என்றும் வழிகாட்டி ஆசிரியர் சொல்கிறார். என் மனம் ஒப்பவில்லை. ஆவணத்தை இந்தக் கட்டத்தில் மாற்றுவது முறையா? எஞ்சியிருக்கும் ஏழு வாரங்களில் முழு நிரலையும் திரும்ப எழுதாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

குன்னூர் நிரலர் எழுதியது:

தங்கை, இரண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. திரைகள் அப்படியே இருக்கட்டும். 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினால் தரவு எங்கே போகிறது என்பதை மட்டும் மாற்றுங்கள். இப்போது நேரே சேவையகத்துக்குப் போகும் பதிவைத் தொலைபேசிக்குள்ளேயே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதுங்கள். அது ஆண்ட்ராய்டுடனேயே வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். மையத்தின் பொறுப்பாளர் மாலையில் மேட்டுக்கு ஏறி வரும்போது அலைவரிசை கிடைக்குமல்லவா, அப்போது அனுப்பப்படாத பதிவுகளை எல்லாம் சேவையகத்துக்கு அனுப்பும் வேலையைப் பின்னணியில் இயங்கும் ஒரு சிறு பகுதி பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் நானும் என் முதல் வேலையில் இடறிய இடம் ஒன்று இருக்கிறது. பதிவு சேவையகத்தை அடைந்துவிடும். ஆனால் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். பதிவு போகவில்லை என்று கருதிச் செயலி அதை மறுபடியும் அனுப்பும். பதிவெண்ணைச் சேவையகம் கொடுப்பதாக வைத்திருந்தால், ஒரே மூட்டை இரண்டு எண்களில் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஒவ்வோர் எடைக்கும் 128 பிட் நீளமுள்ள யூயூஐடி (வேறெந்தப் பதிவுக்கும் வராத தனி அடையாள எண்) ஒன்றைத் தொலைபேசியிலேயே உருவாக்கி, சேவையகத்தில் அதையே முதன்மைச் சாவியாக, அதாவது பதிவை அடையாளம் காணும் எண்ணாக, வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணில் வரும் பதிவு எத்தனை முறை வந்தாலும், முதல் முறை மட்டும் ஏற்று, மற்ற முறைகளில் 'கிடைத்தது' என்று பதில் சொன்னால் போதும்.

எடையைத் தசம எண்ணாக வைக்காதீர்கள்; கிராமில் முழு எண்ணாக வையுங்கள். 0.1 என்பது இரும எண்முறையில் முடிவின்றி நீளும் பின்னம் என்பதால், கணினிகள் வழக்கமாகப் பின்பற்றும் ஐ.இ.இ.இ. 754 முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை. ஒரு நாளில் இது தெரியாது. ஆனால் சீட்டுகளை அம்மா கூட்டிய தொகையும் செயலி காட்டும் தொகையும் ஒரு பைசா வேறுபட்டாலும், அதன்பின் அந்தச் செயலியை யாரும் நம்பமாட்டார்கள். பணத்தையும் இதேபோல் பைசாவில் வையுங்கள்.

உதகை ஆசிரியர் எழுதியது:

மாணவியின் முதல் கேள்விக்கு வருகிறேன். வழிகாட்டி ஆசிரியர் சொல்வதில் ஒரு பாதி சரி. ஒப்புதல் பெற்ற ஆவணம் 'பேஸ்லைன்', அதாவது அடுத்த வேலைகளுக்கு எல்லாம் அடிப்படையான பதிப்பு, ஆகிவிடுகிறது. அதை எவரும் தம் விருப்பப்படி திருத்தக்கூடாது. ஆனால் திருத்தவே கூடாது என்று மென்பொருள் பொறியியல் சொல்லவில்லை. முறைப்படி திருத்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. மாற்றக் கோரிக்கை ஒன்றை எழுதி, எந்தத் தேவை, ஏன், எந்த நாளில் மாறுகிறது, அதனால் வடிவமைப்பிலும் சோதனைகளிலும் எவை எவை மாறும் என்பதைக் காட்டி, ஆவணத்துக்குப் புதிய பதிப்பெண் கொடுத்து மீண்டும் ஒப்புதல் கேளுங்கள். மாற்ற மேலாண்மை பாடத்திட்டத்திலேயே இருப்பதால், அதைச் செய்து காட்டுவது உங்கள் மதிப்பெண்ணைக் குறைக்காது என்றே நினைக்கிறேன்.

தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் அருவி மாதிரியைக் காட்டி, ஒரு கட்டத்தை முடித்தபின் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப முடியாது என்று வகுப்புகளில் சொல்லிவருகிறோம். அதற்கு மூலமாகச் சுட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையை மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அருவி என்ற சொல்லே அதில் இல்லை. கட்டங்களை நேர்வரிசையில் அடுக்கும் படத்தைப் போட்டுக்காட்டிய கையோடு, அப்படியே செய்வது ஆபத்தானது, தோல்வியை அழைப்பது என்று அவரே எழுதுகிறார். சோதனைக் கட்டத்தில்தான் உண்மை வெளிப்படும் என்பதால், முன்கூட்டியே ஒருமுறை சிறிய அளவில் கட்டிப் பார்க்கவும், பயனாளரைத் தொடக்கத்திலிருந்தே ஈடுபடுத்தவும் சொல்கிறார். எடைமையத்துக்குப் போய் நீங்கள் செய்ததும் அதைத்தான்.

ஐ.இ.இ.இ. 830-ஐப் பொறுத்தவரை, 2011-இல் வந்த 29148 என்ற தரநிலை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆயினும் கல்லூரி கேட்கும் வடிவத்திலேயே கொடுங்கள். வடிவத்தைவிட, ஒவ்வொரு தேவையும் சோதித்துப் பார்க்கத்தக்கதாக இருப்பது முக்கியம். "இணையம் இல்லாதபோதும் செயலி நன்றாக இயங்க வேண்டும்" என்பதைச் சோதிக்க முடியாது. "விமானப் பயன்முறையில் பதிந்த 200 எடைகள், இணைப்பு மூன்று முறை இடையில் துண்டிக்கப்பட்டாலும், ஒன்றும் விடுபடாமலும் ஒன்றும் இரட்டிக்காமலும் சேவையகத்தை அடைய வேண்டும்" என்று எழுதினால், அதுவே சோதனைத் திட்டத்தின் முதல் வரியாகவும் ஆகிவிடும்.

கட்டபெட்டு விவசாயி எழுதியது:

அம்மா, எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இருபது ஆண்டுகளாக இலை போட்டு வருகிறேன். உங்கள் செயலியில் இவை இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

மழைநாளில் ஈர இலைக்கென்று எடையில் கழிப்பார்கள்; சாக்குக்கும் கழிப்பார்கள். சீட்டில் கழித்தது போக மிஞ்சியது மட்டுமே இருந்தால், எதற்கு எவ்வளவு போனது என்று பிறகு கேட்க முடிவதில்லை. வருத்தங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மொத்த எடை, சாக்கு, ஈரம் ஆகிய மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

பெயரைக் கொண்டு ஆளைத் தேடாதீர்கள். எங்கள் ஹட்டியில் (ஊரில்) போஜன் என்ற பெயரில் மட்டும் ஐவர் இருக்கிறோம். இலையைக் கொண்டுவருபவரும் கணக்குக்கு உரியவரும் ஒருவராகவே இருப்பதும் இல்லை. என் இலையைப் பல நாட்கள் மருமகள்தான் கொண்டுபோகிறாள்.

இலை போடும் அன்றைக்கு விலை தெரியாது. தேயிலை வாரியம் மாதந்தோறும் குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. அந்த மாதத்து இலைக்குரிய விலை நமக்குப் பின்னர்தான் தெரியவரும். தவறாகப் பதிந்த எடையைத் திருத்தினால், பழைய எடையும் யார் திருத்தினார் என்பதும் அழியாமல் இருக்க வேண்டும். கையில் காகிதச் சீட்டு இல்லாமல் இலையை விட்டுவர எங்களில் யாருக்கும் மனம் வராது. அதையும் மறந்துவிட வேண்டாம்.

மலைச்சாரல் எழுதியது:

ஐயா, விலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எங்கள் தரவுத்தள அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் எடைப் பதிவிலும் அன்றைய விலைக்கு ஒரு கட்டம் வைத்து, அதை நிரப்பாமல் சேமிக்கவே முடியாதபடி செய்திருக்கிறோம். அம்மாவின் உறையில் இருக்கும் சீட்டுகளை எத்தனையோ முறை பார்த்திருந்தும் அவற்றில் விலை இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. விலையை மாதவாரியாகத் தனி அட்டவணைக்கு மாற்றுகிறோம். மொத்த எடை, சாக்கு, ஈரக்கழிவு மூன்றும் தனித்தனிக் கட்டங்களாகின்றன; விவசாயிக்கு உறுப்பினர் எண்ணும், இலை கொண்டுவந்தவருக்குத் தனிக் கட்டமும் சேர்க்கிறோம். பதிந்த எடையை மேலெழுதாமல், பழைய பதிவின் எண்ணைச் சுட்டும் திருத்தப் பதிவு ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

நிரலர் அண்ணா சொன்னபடி தொலைபேசியில் சேமிக்கும் பகுதியை இரு தோழர்கள் நேற்றே தொடங்கிவிட்டார்கள். மாற்றக் கோரிக்கையை நான் எழுதி முடித்துவிட்டேன். ஆசிரியர் ஐயா கொடுத்த 200 எடைகள் சோதனையையும் அதில் சேர்த்திருக்கிறேன். திங்கட்கிழமை வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுக்கிறோம். அதற்கு முன், மழைநாளில் ஈரக்கழிவை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை ஒரு நாள் முழுவதும் நின்று பார்க்க வேண்டும். ஐயா, உங்கள் மையத்துக்கு நாங்கள் வரலாமா?

கட்டபெட்டு விவசாயி எழுதியது:

தாராளமாக வாருங்கள், அம்மா. சனிக்கிழமை காலை இலையும் மாலை இலையும் உண்டு. பொறுப்பாளரிடம் இன்றே சொல்லி வைக்கிறேன். குடை எடுத்து வாருங்கள். இங்கே மூன்று நாட்களாக மழை விடவில்லை.