பாம் ஸ்பிரிங்ஸ்ல ரெண்டு நாள்: எதை விடக்கூடாது?

கேள்வி: அக்டோபர் கடைசியில் கலிபோர்னியாவின் பாலைவன நகரமான பாம் ஸ்பிரிங்ஸுக்குக் குடும்பத்தோட போறோம், கார் இருக்கு. நீச்சல் குளம் தவிர என்ன பார்க்கலாம்?

பதில் 1: முதல்ல டிராம்வே. 1963-ல தொடங்கின கேபிள் கார். போகும்போதே தளம் மெதுவா சுத்தும், அதனால ஜன்னலுக்கு அடிச்சுக்க வேண்டாம். பத்து நிமிஷத்துல 8,516 அடி உயரத்துல இருக்கிற மலை நிலையத்துக்குப் போயிடலாம். மேலே குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

பதில் 2: ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. உள்ளே பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை எதுவும் கிடையாது, ஆளுக்கு 4 லிட்டர் தண்ணி வேணும். சிக்னலும் பெரும்பாலும் வராது, மேப்பை முன்னாடியே இறக்கிக்குங்க. சோய்யா (cholla) கள்ளித் தோட்டத்துல குழந்தைங்க கையைப் பிடிச்சுக்குங்க. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், ஆனா முள்ளுல நுண்ணிய கொக்கிகள். உரசினாலே துண்டு ஒடிஞ்சு ஒட்டிக்கும். கையால பிடுங்கினா அந்தக் கையிலயும் ஏறும். சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவுல விட்டு வெடுக்குனு தள்ளணும், மிச்சத்துக்கு இடுக்கி.

பதில் 3: இந்தியன் கேனியன்ஸ் பள்ளத்தாக்குகளை விட்டுட்டீங்களே! காய்ஞ்ச ஓலை பாவாடை மாதிரி தொங்கும் விசிறிப் பனைகள், அடியில ஓடை. அகுவா கலியென்டே பழங்குடியினர் நிலம். தேசியப் பூங்கா பாஸ் செல்லாது, தனிக் கட்டணம்.