கணக்கு வராது என்று இருபத்தொரு வருடம் சொன்னேன்

2003-இல் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறினேன். 27 மதிப்பெண். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டுவதாக அப்பா சொன்னார். "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்றேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். அப்பா தடுக்கவில்லை, கணவரும் தடுக்கவில்லை. கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டது நான்தான்.

திருப்பூர் பக்கத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் தையல் ஆசிரியராக வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. அதற்கான டி.டி.சி. என்ற தொழிலாசிரியர் பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று தெரிந்த நாளில் அந்த ஆசையையும் மூட்டைகட்டி வைத்துவிட்டேன்.

2024 ஆடி மாதம் ஓர் இரவு, ஒரு சிறுமிக்கு அம்பர்லா பாவாடை வெட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பு 24 அங்குலம். துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையில் டேப்பைப் பிடித்து, மூன்றே முக்கால் அங்குலத்தில் சாக்குக்கட்டியால் கால்வட்டம் போட்டேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மூன்றே முக்கால் எப்படிம்மா வந்தது?"

"இடுப்பை ஆறால் வகுத்தால் நாலு. அதில் கால் அங்குலம் கழிக்க வேண்டும்."

"ஏன் கழிக்க வேண்டும்?"

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. மகள் நோட்டில் எழுதிக் காட்டினாள். வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப்போல் இரண்டு பை மடங்கு. அதாவது 44-ஐ 7-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 6.28. 24-ஐ அதால் வகுத்தால் 3.82. ஆறால் வகுக்கும்போது விடை கொஞ்சம் கூடிவிடுகிறது. அந்த அதிகத்தைச் சரிக்கட்டத்தான் கால் அங்குலம். "எங்கள் அளவியல் பாடத்துக்கு இதுதாம்மா அடிப்படை. நீ தினமும் இதைத்தானே செய்கிறாய்?" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய பாடத்திட்டத்தில் தவறியவர்களும் இப்போதைய பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதலாம். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் வரும். வருடம் முடிவதற்குள் நான் தயாராகிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். மகள் வினாத்தாளைப் பிரித்துக் காட்டினாள். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10. ஐந்து மதிப்பெண் வினா 10. கடைசியில் தலா எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வடிவியல் வரைதல், ஒரு கிராஃப். இந்தப் பதினாறும் ஒரு மதிப்பெண் பதினான்கும் சேர்ந்தால் 30. மேற்கொண்டு இரண்டு மதிப்பெண் கணக்கு மூன்று போட்டால் 35-ஐத் தாண்டிவிடலாம். வருடக்கணக்காக நான் மலை என்று நினைத்திருந்தது ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

வடிவொத்த முக்கோணம் வரைவது எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டது. சட்டைப் பட்டிக்குச் சம இடைவெளியில் புள்ளி வைக்கும் கை இது. இயற்கணிதம் அப்படியில்லை, அழவைத்தது. காரணிப்படுத்தும்போது மைனஸ் குறி எங்கோ தொலைந்துபோகும், விடை தப்பும். தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரம் தையலே கழுத்தை நெரித்தது, புத்தகத்தைத் தொடவில்லை. விட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போது பலமாக வந்தது. யாரும் குறை சொல்லாத காரணம் கையில் இருந்தது அல்லவா? தீபாவளிக்கு மறுவாரம் காலை நாலரைக்கு எழுந்து மூன்றாம் பாடமான இயற்கணிதத்தை முதலிலிருந்து போட்டேன்.

பாடத்தைவிடக் கடினமாக இருந்தது தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சேவை மையத்துக்குப் போனதுதான். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை உள்ளே போனபோது கவுன்டரில் இருந்தவர், "மகளுக்காம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு."

அவர் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உட்காருங்கம்மா, பழைய மதிப்பெண் பட்டியல் கொண்டுவந்தீர்களா?" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருடம் பயந்தேன்?

மகளும் நானும் ஒரே நாளில், வேறு வேறு மையத்தில் கணக்குத் தேர்வு எழுதினோம். எனக்கு 54 மதிப்பெண்.

*

அக்கா, வணக்கம். எனக்கு 33 வயது, கரூரில் மளிகைக் கடையில் வேலை. நீங்கள் எழுதியதைப் படித்த இரவு, பெட்டியின் அடியில் கிடந்த என் மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்தேன். 2007, கணக்கு 31. எனக்குக் குறைந்தது நான்கே மதிப்பெண். இத்தனை நாளும் ஏதோ பத்துக்குள் வாங்கியதாகத்தான் மனதில் பதிந்திருந்தது. கடையில் நாற்பது சாமான் விலையை மனக்கணக்காகக் கூட்டுகிறேன், ஒரு பைசா பிசகியதில்லை. இந்த டிசம்பரில் நானும் கட்டுகிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

*

தம்பி, அந்தப் பட்டியலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். வடிவியல் வரைதலில் ஆரம்பியுங்கள், தினமும் ஒன்று போதும். காம்பஸ் மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். திருகு தளர்ந்திருந்தால் வட்டம் ஆரம்பித்த இடத்தில் வந்து சேராது. நான் இரண்டு காம்பஸ் மாற்றினேன்.