'எக்ஸஸிவ்' என்ற சொல்லை எங்கே போட்டாலும் இடிக்கிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். அகராதியில் 'எக்ஸஸிவ்' என்றால் 'அதிகப்படியான, மிகையான' என்று இருக்கிறது. அர்த்தம் புரியாமல் இல்லை, ஆனால் வாக்கியத்தில் வைத்தால் பிழைதிருத்தி கோடு போடுகிறது, கோடு போடாத இடத்தில் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். நான்கு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

1. தேங்க் யூ ஃபார் யுவர் எக்ஸஸிவ் சப்போர்ட்.
2. தி ஃபேன் இஸ் மேக்கிங் டூ எக்ஸஸிவ் நாய்ஸ்.
3. ஹீ டிரைவ்ஸ் எக்ஸஸிவ் ஃபாஸ்ட்.
4. தேர் ஆர் எக்ஸஸிவ் சேர்ஸ் இன் தி ரூம்.

'வேறு சொல் போடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், ஏன் தப்பு என்று தெரிய வேண்டும்.

பதில் 1:
சகோ, நான்கும் நான்கு விதமான தப்பு.

முதல் வாக்கியத்தில் இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை, பிழைதிருத்தி அதைக் கண்டுகொள்ளாது, மனிதர்கள்தான் சிரிப்பார்கள். காரணம் நம்முடைய 'ரொம்ப'. தமிழில் 'ரொம்ப உதவினீங்க' என்றால் நன்றி, 'ரொம்பப் பேசுறீங்க' என்றால் குறை, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குரலிலும் இடத்திலும் வித்தியாசம் காட்டிவிடுகிறோம். எக்ஸஸிவ் அப்படி இரண்டு பக்கமும் போகாது. 'இவ்வளவு இருக்கக்கூடாது' என்ற முறைப்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே உங்கள் நன்றி, 'தேவைக்கு மேல உதவி பண்ணித் தொலைச்சீங்க' என்று போய்ச் சேர்கிறது. நாம் பேச்சில் 'நீ பண்றது டூ மச்' என்று சொல்வோமே, அந்த டூ மச்சுக்கு அலுவலகச் சட்டை மாட்டிவிட்டால் எக்ஸஸிவ். பாராட்டும் இடத்தில் 'இம்மென்ஸ்' அல்லது 'டிரிமெண்டஸ்' போடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கவனம். 'எக்ஸ்டென்ஸிவ் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் பரந்த அனுபவம். அங்கே கை தவறி எக்ஸஸிவ் விழுந்தால், 'அனுபவம் தேவைக்கு மேல் இருக்கிறது, என்னை எடுக்காதீர்கள்' என்று நீங்களே சொன்னது போல ஆகிவிடும்.

இரண்டாவதில் 'டூ'வை எடுத்துவிட்டால் போதும். 'டூ' என்பதே அளவு தாண்டியதைச் சொல்கிறது, எக்ஸஸிவும் அதையே சொல்கிறது. 'தி ஃபேன் இஸ் மேக்கிங் எக்ஸஸிவ் நாய்ஸ்' சரி. வீட்டில் பேசும்போது 'டூ மச் நாய்ஸ்' இன்னும் இயல்பு.

பதில் 2:
மூன்றாவதுக்கு நான் சொல்கிறேன். எக்ஸஸிவ் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், அல்லது 'இஸ், சீம்ஸ்' மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் வரும். 'ஃபாஸ்ட்' அங்கே வினையைத் தழுவி நிற்கிறது, அதற்கு முன்னால் வேண்டியது 'எக்ஸஸிவ்லி'. 'ஹீ டிரைவ்ஸ் எக்ஸஸிவ்லி ஃபாஸ்ட்' இலக்கணப்படி சரிதான், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை, 'டூ ஃபாஸ்ட்' என்று முடித்துவிடுவார்கள். அறிக்கையில் எழுதுவதென்றால் 'அட் எக்ஸஸிவ் ஸ்பீட்'. இதே ஜாதித் தப்பு இன்னொன்று உண்டு, 'டூ மச் ஹாட்' என்பது. அங்கே மச் வராது, 'டூ ஹாட்' மட்டும்தான்.

நான்காவது சுலபம். எண்ண முடியாததற்குத்தான் எக்ஸஸிவ். நாற்காலியை எண்ணலாம், அதனால் 'டூ மெனி சேர்ஸ்'.

பதில் 3:
விடை சரி, விதி தப்பு. எண்ணக்கூடியதற்கு வராது என்று யார் சொன்னது? 1791-ல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் எட்டாவது திருத்தத்திலேயே 'எக்ஸஸிவ் ஃபைன்ஸ்' என்று பன்மையில்தான் இருக்கிறது. 'எக்ஸஸிவ் டிமாண்ட்ஸ்', 'எக்ஸஸிவ் சார்ஜஸ்' எல்லாம் அன்றாடம் புழங்குகிறவை.

கவனித்துப் பாருங்கள், 'எக்ஸஸிவ் ஃபைன்ஸ்' என்றால் அபராதங்கள் நிறைய என்று அர்த்தம் இல்லை, விதித்த அபராதம் தகாத அளவுக்குப் பெரியது என்று அர்த்தம். ஒற்றை அபராதமே எக்ஸஸிவாக இருக்கலாம். கோரிக்கை, கட்டணம், தாமதம் எல்லாம் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் கூடக்குறைய ஒரு அளவு இருக்கிறது. நாற்காலிக்கு என்ன அளவு? ஒரு நாற்காலி 'மிகையான நாற்காலி' ஆக முடியாது. எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் டூ மெனி, இல்லை எழுத்து நடையில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 'ஆன் எக்ஸஸிவ் நம்பர் ஆஃப் சேர்ஸ்'.

கேட்டவர்:
இப்போதுதான் பிடிபடுகிறது. அப்படியென்றால் சாதாரணப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லையா? எல்லா இடத்திலும் டூ மச் போட்டால் முடிந்துவிடுகிறதே. அப்புறம், 'எக்ஸஸ்' என்று ஒன்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? இதையும் பாருங்கள்: 'ப்ளீஸ் டிரெய்ன் தி எக்ஸஸிவ் வாட்டர்.'

பதில் 1:
வேலை இருக்கிறது, குறிப்பாகக் கோபத்தை மரியாதையாகச் சொல்லும் இடத்தில். ஒருவர் ஒரே நாளில் பத்து நினைவூட்டல் மடல் அனுப்புகிறார், 'திஸ் இஸ் டூ மச்' என்றால் சண்டைக்குப் போவது போல இருக்கும். 'டென் ரிமைண்டர்ஸ் இன் எ டே சீம்ஸ் எ பிட் எக்ஸஸிவ்' என்று எழுதிப் பாருங்கள், குத்த வேண்டிய இடத்தில் குத்தும், ஆனால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. (பத்து என்று வந்தும் 'சீம்' வராமல் 'சீம்ஸ்' வருவது, பத்தையும் சேர்த்து ஒரே அளவாக எடுப்பதால்.) 'எ பிட்', 'எ லிட்டில்', 'ராதர்' மூன்றும் இதற்கு முன்னால் தாராளமாக வரும், வரக்கூடாதது டூ மட்டும்.

மற்றபடி இது கொஞ்சம் எழுத்து நடைச் சொல்தான். இயந்திரக் கையேட்டில் 'எக்ஸஸிவ் ஹீட்', மருத்துவத்தில் 'எக்ஸஸிவ் ஸ்வெட்டிங்', காவல்துறை அத்துமீறல் செய்தியில் 'எக்ஸஸிவ் ஃபோர்ஸ்' என்று கூட்டாகவே பார்ப்பீர்கள். அந்தக் கூட்டுகளை அப்படியே மனதில் போட்டுக்கொள்வது விதியை மனப்பாடம் செய்வதைவிட லாபம் என்பது என் கட்சி.

பதில் 3:
எக்ஸஸ் கேள்விக்கு. எக்ஸஸ் என்றால் வேண்டியது போக மிஞ்சியது, அதில் திட்டு இல்லை. வடித்துவிட வேண்டிய தண்ணீர் வெறும் உபரி, அதனால் 'டிரெய்ன் தி எக்ஸஸ் வாட்டர்'. குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவரைச் சொல்லும்போது 'எக்ஸஸிவ் யூஸ் ஆஃப் வாட்டர்'. விமானத்தில் கூடுதல் எடைக்குக் காசு கேட்பது 'எக்ஸஸ் பேக்கேஜ்', அங்கே எக்ஸஸிவ் வராது.

உச்சரிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸஸிவில் அழுத்தம் நடுவில், 'இக்-செ-ஸிவ்' என்பது போல வரும். எழுதும்போது எக்ஸுக்கு அடுத்து ஒரு சி உண்டு, பின்னால் எஸ் இரண்டு. அந்தச் சியைத்தான் பலரும் விழுங்கிவிடுகிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, டிரிமெண்டஸ் சப்போர்ட். நான்காவதை 'டூ மெனி சேர்ஸ்' என்றே மாற்றிவிட்டேன்.