இடுப்பு வலிக்குக் 'கரன்ட்' வைத்த கதை

கரூர்க்காரர்:
போன ஆடியில் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பில் 'படக்' என்றது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 'டிஸ்க் பல்ஜ்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அதைப் படித்த பிறகு வலி இரண்டு மடங்கு ஆனது. பத்து நாள் இடுப்பை இழுத்துவிடும் டிராக்‌ஷன், அப்புறம் கரன்ட், ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். போதாததற்கு ஒரு பெல்ட். அங்கே படுத்திருக்கும் இருபது நிமிடம் சுகம்தான். ஆட்டோவில் வீடு வருவதற்குள் வலியும் கூடவே வந்து சேரும்.

தங்கை மகள் பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறாள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டியை போனில் காட்டினாள். டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் என்ற கரன்ட் வகைகள், பெல்ட் எல்லாவற்றுக்கும் 'கொடுக்க வேண்டாம்' என்றிருந்தது. என் ரசீதைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. "மாமா, கால் மரத்துப்போகுதா, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் நடக்கச் சொன்னாள். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் நூற்றுக்கு 60 பேருக்கு இந்தப் பல்ஜ் இருக்குமாம். எனக்கு வயது 51. ஆறு வாரம் நடந்தேன், அவள் சொன்ன பயிற்சியும் செய்தேன், சரியாயிற்று. ஒன்றும் செய்யாமலேயே சரியாகியிருக்குமோ? இருக்கலாம்.

பிசியோ அக்கா:
சார், இந்த வழிகாட்டிகளை நாங்களும் படிக்கிறோம். ஆனால் இதையும் கேளுங்கள். முழங்கால் தேய்மானத்தோடு ஒரு பாட்டி வந்தார். அதற்கு எல்லோருக்கும் உடற்பயிற்சி, மின்சிகிச்சை வேண்டாம் என்கிறது நைஸின் 2022 வழிகாட்டி. அப்படியே செய்தேன். நான்காம் நாள் வலி கூடிவிட்டது. "மிஷினே வைக்கல, காலைத் தூக்கச் சொல்லிக் காசு வாங்குது இந்தப் பொண்ணு" என்று அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விட்டார். தொடக்கத்தில் வலி கூடலாம் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்வதும் அதே வழிகாட்டிதான். அந்த வரியை நான் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். கூடவே ஒத்தடமும் வைக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான் என்னால் பேச முடிகிறது.

மதுரை மணி:
நம்ம கதை சின்னது. ஷட்டில் ஆடும்போது கணுக்கால் பிசகியது. எக்ஸ்ரே எடுக்கத் துடித்தேன். பிசியோ கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பையும் பாதத்தில் இரண்டு இடங்களையும் அழுத்திப் பார்த்தார். நாலு அடி நடக்கச் சொன்னார். அழுத்தியதில் வலியில்லை, நொண்டி நொண்டி நடந்தும் விட்டேன். "எக்ஸ்ரே வேண்டாம், போங்க." எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய 1992-இல் கனடாவில் உருவான ஒட்டாவா விதியாம். வேறு இடமாக இருந்தால் இரண்டு பிலிம் எடுத்திருப்பார்கள்.

கரூர்க்காரர்:
அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. அந்தப் பெல்ட்டைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்து வைத்தேன். இப்போது அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் காலையில் கோலம் போடுகிறார். "நல்லா இருக்குடா" என்கிறார். தங்கை மகள் வரும் நாளில் மட்டும் பீரோவுக்குள் போய்விடும்.