தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்காக முகமூடியோடு தூங்கப் பழகியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அப்பாவுக்கு வயது 61. மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. குறட்டையை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை, வீட்டில் அது கேலிப்பொருள். கடைசியில் தூக்கப் பரிசோதனை செய்தால், மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது. 30-க்குப் போனாலே தீவிரம் என்றார் மருத்துவர்.

எனக்குப் புரிந்தது இது: தொண்டை அடைபடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடம்பு பதறி அட்ரினலினைக் கொட்டுகிறது, ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் எகிறுகிறது. இரவில் ஓய்வெடுக்க வேண்டிய இதயம் விடிய விடிய ஓடுகிறது. குழாய்களின் உட்சுவரும் நாளடைவில் கெடுமாம். துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பும் கூடுமாம்.

சரி, தொண்டை அடைபடாமல் இருக்க முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் (CPAP) கருவி வாங்கியாயிற்று. ஆனால் அப்பா இரண்டு மணி நேரத்தில் முகமூடியைக் கழற்றிவிடுகிறார். 2016-ல் வந்த 'சேவ்' ஆய்வில் சீபாப் மாரடைப்பு, பக்கவாதத்தைக் குறைக்கவில்லை; அதில் இருந்தவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். எனக்குக் கவலையே அதுதான்.

மூக்கை மட்டும் மூடும் வகை எளிதா? வாய் உலர்வதற்கு என்ன செய்தீர்கள்? அப்புறம், ரத்த அழுத்தம் இறங்க எத்தனை வாரம் ஆனது? மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையில் கைவைக்க மாட்டோம், தயங்காமல் சொல்லுங்கள்.