பொலிகுதிரைக்குக் காய்ச்சல் வந்தா சினை நிக்காதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நம்ம பக்கம் சினை நிக்கலைன்னா உடனே பெட்டையைத்தான் குறை சொல்வாங்க, பொலிகுதிரையை யாரும் பாக்குறதே இல்ல. எங்க மார்வாரி இனப் பொலிகுதிரைக்குப் போன வருஷம் நல்ல காய்ச்சல், சீக்கிரமே தேறிடுச்சு, தீனி பழையபடி எடுக்குது, ஏறுறதுலயும் குறையே இல்ல, ஆனா அதுக்கப்புறம் வந்த பெட்டை எதுக்கும் சினை நிக்கல. அந்தியூர் ஆடிச் சந்தையில தள்ளி விட்டுடலாம்னு வீட்ல பேச்சு. எனக்கு மனசு வரல. டாக்டரைக் கூப்பிட்டோம், விந்து எடுத்து ஜெல்லை வடிகட்டி 37 டிகிரி சூட்டுல வச்ச ஸ்லைடுல விட்டு மைக்ராஸ்கோப்ல காட்டினார் (ஸ்லைடு சில்லுனு இருந்தா நல்ல விந்தணுவும் சுணங்கிடும்). பாதிக்கு மேல நேரா ஓடாம வட்டமடிக்குது, நெறைய தலை தனியா வால் தனியா கிடக்குது. விரையில ஒரு அணு உருவாகவே 57 நாள், அப்புறம் வெளிய வர்ற குழாய்ல முதிர ஒரு வாரம் பத்து நாள், அதனால காய்ச்சல் சூட்டுல கெட்டது முழுக்கக் கழிய ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்னு சொன்னார். விக்காம வச்சிருந்தோம், மறுபடி பாத்தப்ப அணு சும்மா பிச்சுக்கிட்டு ஓடுது. இப்ப சினையும் நின்னிருக்கு.

—

அண்ணா, நான் வேலை பாத்த ஸ்டட் ஃபார்ம்ல (குதிரை இனப்பெருக்கப் பண்ணை) இதுக்கு நேர்மாறு. அணுவோட ஓட்டம் அருமை, எண்ணிக்கை அருமை, சினை மட்டும் நிக்கல. அணுவோட தலையில தொப்பி மாதிரி அக்ரோசோம்னு ஒண்ணு இருக்கு, முட்டையைத் தொட்டதும் அது திறந்தாத்தான் உள்ள போக முடியும், அங்கதான் கோளாறுன்னு டாக்டர் சந்தேகப்பட்டார். தரோபிரெட்ங்கிற ரேஸ் குதிரை இனத்துல இந்தக் கோளாறுக்கும் எஃப்கேபிபி6 ஜீனுக்கும் தொடர்பு இருக்குன்னு 2012-லயே அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்க. இன்னொண்ணு, குதிரை அணு பெரும்பாலும் ஆக்ஸிஜனை வச்சுத்தான் தெம்பு எடுக்குது, அப்ப வர்ற கழிவு அணுவையே கெடுக்கும், அதனால நல்லா உழைக்கிற அணுவே சீக்கிரம் ஓய்ஞ்சும் போகலாம். ஓட்டத்தை மட்டும் பாத்து மார்க் போட முடியாது.

—

சிகார் கதை தெரியும்ல? அமெரிக்காவுல தொடர்ந்து 16 ரேஸ் ஜெயிச்ச குதிரை, 1997-ல 34 பெட்டையோட சேர்த்தும் ஒண்ணுகூட சினை நிக்கல, இன்ஷூரன்ஸ் 2.5 கோடி டாலர் கொடுத்தாங்க. அவ்ளோ பணம் புழங்குற இடத்துலயே அப்படின்னா நம்ம நிலைமை? வாங்குறதுக்கு முன்னாடியே விந்து டெஸ்ட் பண்ணிக் காட்டுற ஆளுங்க நம்ம சந்தையில யாராவது இருக்காங்களா, இருந்தா சொல்லுங்க.